ஆடியில் தொடங்குங்கள்: நகர் நலச் சங்கத்துக்கு ஓராண்டு வேலைத் திட்டம்

சென்னைப் புறநகரில் எந்த நகருக்குள் நுழைந்தாலும் முதல் தெரு முனையில் ஒரு பலகை இருக்கும்: குடியிருப்போர் நலச் சங்கம், பதிவு எண் இத்தனை, நிறுவிய ஆண்டு இது. சங்கம் என்ன செய்கிறது என்று உள்ளே இருப்பவரைக் கேட்டால், "பொங்கலுக்குக் கோலப் போட்டி வைப்பாங்க" என்பார். இன்னொரு வகைச் சங்கமும் உண்டு. வடிகால், தெருவிளக்கு, குப்பை என்று மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் கூட்டம் போட்டால் பணி ஓய்வு பெற்ற அதே ஆறு பேர்தான் வருவார்கள்.

மடிப்பாக்கம் பக்கம் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்த வகையில் எனக்குத் தெரிந்தது இதுதான்: கொண்டாட்டத்தையும் குடிமை வேலையையும் தனித்தனியாக நடத்தினால் இரண்டும் நொண்டும். கோலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்த பெண்தான் நவம்பர் மழையில் போன் செய்து, தன் தெருவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார் என்று சொல்வார். உறியடிக்குக் கயிறு கட்டிய பையன்கள்தான் தண்ணீர் ஏறும்போது கயிறு பிடிப்பார்கள். அதனால் ஆண்டுத் திட்டம் போடும்போது திருவிழாவை ஆள் சேர்க்கும் வேலையாகவும், மழையை அந்த ஆட்களுக்கான வேலையாகவும் சேர்த்தே போட வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசையும் அப்படித்தான் போகும். சென்னை மாநகராட்சி எல்லையை வைத்து எழுதியிருக்கிறேன். தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை என்றால் தொலைபேசி எண்களும் அலுவலகப் பெயர்களும் மாறும், முறை மாறாது.

படி 1: பதிவு, பணம், தெருப் பிரதிநிதி

பதிவு செய்யாத சங்கம் என்றால் முதலில் அதை முடியுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து, பைலாவோடு, அதாவது சங்கத்தின் விதிகளோடு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 20 பேரோ அதற்கு மேலோ உறுப்பினர்கள் இருந்தால் பதிவு கட்டாயம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, அதை இங்கே கலக்க வேண்டாம்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். பொருளாளர் கையெழுத்தோடு தலைவர் அல்லது செயலாளர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். யாரோ ஒருவருடைய சொந்த கூகுள் பே எண்ணுக்குச் சந்தா வசூலிக்கும் பழக்கம் பல நகர்களில் இருக்கிறது. அந்த மனிதர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இரண்டே ஆண்டில் பேச்சு கிளம்பிவிடும்.

உறுப்பினர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. வாடகைக்கு இருப்பவர்களையும் சேருங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் என்று பைலா வைத்துக்கொண்டு, பிறகு "இளைஞர்கள் யாரும் வருவதில்லை" என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை. இளைஞர்கள் பெரும்பாலும் மாடி போர்ஷனில்தான் இருக்கிறார்கள். சொத்து சம்பந்தமான முடிவுகளில் வாக்கு வீட்டு உரிமையாளருக்கு மட்டும் என்று ஒரு விதி எழுதிக்கொண்டால் போதும்.

அடுத்தது தெருப் பிரதிநிதி. இருபது, இருபத்தைந்து வீட்டுக்கு ஒருவர். தெரு அளவில் அமைப்பு வைப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1989-இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, ஒவ்வொரு தெருவையும் ஓர் அலகாக எடுத்துக்கொண்டு, மூன்று சக்கர வண்டியில் வீட்டு வாசலில் குப்பை வாங்கும் முறையை அப்படித்தான் பரப்பியது. பிரதிநிதியிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும்: வீட்டு எண், ஒரு போன் எண், தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை, டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சையில் இருப்பவர். இந்த நோட்டு காகிதத்தில் இருக்கட்டும், வாட்ஸாப் குழுவில் பகிர வேண்டாம். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிய வேண்டிய செய்தி அல்ல.

படி 2: செய்தி போகும் வழியைச் சரிசெய்யுங்கள்

சங்கத்தின் பாதி வேலை செய்தி சொல்வது. அதைத்தான் நாம் மோசமாகச் செய்கிறோம்.

மூன்று வழி போதும். முதலாவது, பலகை. அதைச் சங்க அலுவலகச் சுவரில் மாட்டாதீர்கள், அங்கே யாரும் போவதில்லை. ஆவின் பூத், ரேஷன் கடை, இஸ்திரி வண்டி நிற்கும் மரத்தடி, இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இஸ்திரி போடுபவருக்கு நகரின் எல்லா வீடும் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் மாலைக்குள் பாதி நகருக்குப் போய்விடும்.

இரண்டாவது, வாட்ஸாப். இரண்டு குழு வையுங்கள். ஒன்று அறிவிப்புக்கு, அதில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும். இன்னொன்று பேச்சுக்கு, அதில் காலை வணக்கமோ கடவுள் படமோ என்னவோ போகட்டும். ஒரே குழுவாக இருந்தால், நாளை காலை குடிநீர் வராது என்ற செய்தி நாற்பது ரோஜாப் படங்களுக்குக் கீழே புதைந்துபோகும். மழைக்காலத்தில் அறிவிப்புக் குழுவுக்கு ஒரு விதி கட்டாயம்: தேதியும், எங்கிருந்து வந்தது என்பதும் இல்லாத எதையும் முன்னனுப்பக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துட்டாங்க" என்ற குரல் பதிவு ஒவ்வோர் ஆண்டும் சுற்றி வருகிறது. பழைய பதிவே புதிய பதற்றத்தோடு வரும். ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி. இன்று எத்தனை அடி, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது செய்தியில் தினமும் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு எழுதினால் போதும்.

மூன்றாவது, மாதம் ஒரு காகித மடல். இந்தக் காலத்தில் காகிதமா என்று கேட்பார்கள். நகரில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும்வரை காகிதம் வேண்டும். ஏ4 தாள், இரு பக்கம், ஜெராக்ஸ். தெருப் பிரதிநிதி வீடு வீடாகப் போட வேண்டும். அந்தச் சாக்கில் மாதம் ஒருமுறை எல்லா வீட்டு வாசலையும் அவர் மிதித்துவிடுவார், அது மடலைவிடப் பெரிய லாபம்.

மடலில் என்ன எழுதுவது? முடிந்தது, முடியாதது, வரப்போவது, வரவு செலவு. அவ்வளவுதான். எழுதும் முறைக்கு ஓர் உதாரணம்.

இப்படி எழுதாதீர்கள்: "நகரில் தெருவிளக்குப் பிரச்சினை குறித்து உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது."

இப்படி எழுதுங்கள்: "மூன்றாவது குறுக்குத் தெரு, பிள்ளையார் கோயில் எதிரே உள்ள கம்பத்து விளக்கு எரியவில்லை. 4ஆம் தேதி மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்தோம். 9ஆம் தேதி சரியானது. ஐந்தாவது தெரு முனை விளக்கு 6ஆம் தேதி புகார், இன்னும் எரியவில்லை. அந்தத் தெருக்காரர்கள் இரண்டு பேர் தனித்தனியாகவும் புகார் செய்தால் நல்லது."

இரண்டாவது செய்தியில் இடம் இருக்கிறது, தேதி இருக்கிறது, படிப்பவருக்கு ஒரு வேலையும் இருக்கிறது. சங்கம் தோற்ற இடத்தையும் மறைக்காமல் போடுங்கள். "முடியவில்லை" என்று எழுதும் மடலை மக்கள் நம்புவார்கள்.

போடக் கூடாதவையும் உண்டு. சந்தா தராதவர் பட்டியல் வேண்டாம், அது வசூலைக் கூட்டாது, பகையைத்தான் கூட்டும். குப்பை கொட்டியவரின் சிசிடிவி படம் வேண்டாம். கவுன்சிலர், எம்எல்ஏ செய்த வேலையைப் போடுங்கள், அடைமொழிகளை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் மடல் எந்தக் கட்சியுடையது என்ற விவாதம் வரும்.

ஒவ்வொரு மாதமும் அடியில் மாறாமல் இருக்க வேண்டிய கட்டம்: மாநகராட்சி 1913, குடிநீர் வாரியம் 1916, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112. இதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள்.

படி 3: ஆடி முதல் புரட்டாசி வரை, மழைக்கு முன்

சங்கங்கள் ஆண்டுத் திட்டத்தை ஜனவரியில் போடுகின்றன. சென்னைக்கு அது சரிப்படாது. நம் ஆண்டின் பெரிய பரீட்சை அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. அதற்குத் தயாராக மூன்று மாதம் வேண்டும். ஆகவே ஆடி முதல் தேதி, அதாவது ஜூலை நடுவில், உங்கள் ஆண்டு தொடங்கட்டும்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நகரை நடந்து சுற்றுங்கள். தெருப் பிரதிநிதிகள், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், பழைய ஆள் ஒருவர் இருந்தால் போதும். பழைய ஆள் முக்கியம். எந்த மனை முன்பு தாங்கலாக, அதாவது சிறு ஏரியாக, இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கமாக ஏரிக்குப் போனது என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லாச் சரிவும் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கித்தான் போகிறது. இது தெரிந்தால் உங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். வடிகால் மூடிகள், தெருநீர் உள்ளே இறங்கும் துவாரங்கள், கழிவுநீர் மேன்ஹோல்கள், சாய்ந்த மின்கம்பம், தாழ்ந்த கம்பி, மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் பெட்டி), பட்ட கிளை, எல்லாவற்றையும் ஒரு கைவரைபடத்தில் குறியுங்கள்.

அப்புறம் ஒரு மழைநாளுக்காகக் காத்திருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சென்னையில் மாலை நேரத்து இடிமழை வரும், ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதுதான் உங்களுக்கு இலவச ஒத்திகை. மழை விட்ட உடனே குடையோடு கிளம்பி, எங்கே எவ்வளவு நின்றது, எவ்வளவு நேரத்தில் வடிந்தது என்று பார்த்துப் படம் எடுங்கள். அளவுக்கு ஓர் ஆளின் கணுக்காலோ, ஸ்கூட்டர் சக்கரமோ படத்தில் இருக்கட்டும்.

இப்போது மனு எழுத வேண்டும். சங்கங்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். பன்னிரண்டு கோரிக்கையை ஒரே மனுவில் எழுதி, மண்டல அலுவலகத்தில் கொடுத்து, கொடுக்கும்போது போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த மனு யாருடைய மேசைக்கும் உரியதாக இருக்காது. மழைநீர் வடிகாலும் தெருவோர மரமும் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் குடிநீர் வாரியம். கம்பி, கம்பம், பில்லர் பாக்ஸ் மின்வாரியம். பெரிய சாலையோர வடிகால் என்றால் நெடுஞ்சாலைத் துறையாக இருக்கலாம். துறைக்கு ஒரு மனு, ஒரு மனுவில் ஓரிடம் அல்லது ஒரே வகை வேலை, கூடவே படமும் வரைபடமும். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் வார்டு உதவிப் பொறியாளருக்கும் எளிது, அவர் அதை அப்படியே மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்வார். வார்டுக்குள் பகுதிவாரியாக மக்களைக் கூட்டும் பகுதி சபை நடந்தால் அங்கேயும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நகர் இன்னும் ஊராட்சியில் இருந்தால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகஸ்ட் 15 கூட்டம் மழை வேலைக்குச் சரியான நேரம்.

மரம் பற்றி ஒரு எச்சரிக்கை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு கிளையைக் கண்டாலே வெட்டும் வழக்கம் வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மொட்டையடித்த மரம் காற்றில் மறுபக்கம் சாயும். தெரு மரத்தை நீங்களாக வெட்டாமல் பூங்காத் துறையிடம் சொல்லுங்கள்.

நம் வீட்டு வேலையும் இருக்கிறது, அதை மடலில் கொஞ்சம் உரத்தே சொல்ல வேண்டும். கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டுவிட்டு, வடிகால் நாறுகிறது என்று புகார் செய்வது நம் நகர்களில் சாதாரணம். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. அப்போது போட்ட தொட்டிகள் பல வீடுகளில் மண் அடைத்துக் கிடக்கின்றன. புரட்டாசியில் ஒரு வாரத்தை அதற்கு ஒதுக்குங்கள். சங்கமே ஆள் பேசி, வீட்டுக்கு இவ்வளவு என்று விலை முடித்து, வடிகட்டித் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடச் செய்தால் தனித்தனியாகச் செய்வதைவிடச் செலவு குறையும். மொட்டை மாடியைப் பெருக்கி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்புங்கள்.

அக்டோபர் தொடங்கியதும் பொதுச் சாமான்களை வாங்கி அல்லது பேசி வைத்துவிட வேண்டும்: நீளமான நைலான் கயிறு, டார்ச், ரப்பர் பூட்ஸ், கடப்பாரை, வடிகால் மூடி தூக்கும் கொக்கி, மணல் மூட்டை, மெகாபோன், வாடகைக்கு ஒரு பெட்ரோல் பம்ப். பம்ப்காரரிடம் முன்பணம் கொடுத்து வையுங்கள், மழை தொடங்கிய பிறகு போன் எடுக்க மாட்டார். கார்கள் எங்கே நிற்கும் என்பதையும் இப்போதே பேசுங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதை எல்லோரும் பார்த்தோம். உங்கள் நகரில் மேடான பள்ளி மைதானமோ கல்யாண மண்டபமோ இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வைப்பது நல்லது.

படி 4: மழை நாட்கள்

நுங்கம்பாக்கம் வானிலை மையம் சொல்லும் சொற்களுக்கு அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-க்கு மேல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. மழை நடையில் எடுத்த படங்களோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். கனமழைக்கு எந்தத் தெரு மூழ்கும், மிக கனமழைக்கு எது மூழ்கும் என்று உங்களுக்கே ஒரு கணக்கு வந்துவிடும். இரண்டு பருவம் பார்த்தால் அந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்யும்.

அறிவிப்புக் குழுவில் காலை ஏழு, மாலை ஆறு, இரவு ஒன்பது என்று மூன்று செய்தி மட்டும் போடுங்கள்: எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எங்கே மின்சாரம் நிறுத்தம், எந்த வழி போகலாம். நடுவில் ஆளாளுக்குக் கேட்கும் கேள்விகளுக்குத் தெருப் பிரதிநிதி போனில் பதில் சொல்லட்டும். தரைத்தள வீட்டில் தண்ணீர் நுழையும் முன் மெயின் சுவிட்சை அணைப்பது, பில்லர் பாக்ஸ் அருகே யாரும் போகாமல் கயிறு கட்டுவது, நோட்டில் உள்ள முதியவர்களை மாடி வீட்டுக்கு மாற்றுவது, இந்த மூன்றும்தான் முதல் வேலை. உணவுப் பொட்டலம் அதற்குப் பிறகு. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது தென்சென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, மின்சாரமும் இல்லை. பால், குடிநீர் கேன், மாத்திரை, போன் சார்ஜ் என்ற நான்குக்குத்தான் மக்கள் அலைந்தார்கள். இன்வெர்ட்டரும் சோலாரும் உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்று முன்கூட்டியே இருந்தால் சார்ஜ் பிரச்சினை தீரும்.

வடிந்த பிறகு சம்ப் கழுவுவதும் குளோரின் போடுவதும். மாநகராட்சி சுகாதார ஊழியர்கள் பிளீச்சிங் பவுடர் தருவார்கள், அளவை அவர்களிடமே கேட்டுப் போடுங்கள். அடுத்து டெங்கு. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டினால் சுழற்சி அறுந்துவிடும். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிரிட்ஜ் பின்புறத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் பிடிக்கும் வாளி, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய் மட்டை. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவைப்பதும் இதில் சேரும். தெருவிலேயே அதிகக் கொசு அங்கிருந்துதான் வரும்.

படி 5: தீபாவளி

சுருக்கமாகவே சொல்லலாம். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் பட்டாசு நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. மடலில் போடுங்கள், போலீஸ் வேலை பார்க்க வேண்டாம். காலி மனை ஒன்றில் எல்லோரும் சேர்ந்து வெடிக்க ஏற்பாடு செய்தால் சத்தமும் குப்பையும் ஓரிடத்தில் நிற்கும். பட்டாசுக் குப்பையை மாநகராட்சி தனியாக எடுக்கிறது, தனி மூட்டையில் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்கான தீபாவளி அன்பளிப்பைச் சங்கம் பொதுவாக வசூலித்துக் கொடுப்பது நல்லது. வீடு வீடாக அவர்களைக் கேட்க வைப்பது யாருக்கும் மரியாதை இல்லை.

படி 6: மார்கழி, தை

ஆள் சேர்க்கும் பருவம் இது. மழை ஓய்ந்திருக்கும், காலை குளுமையாக இருக்கும், மனசும் நன்றாக இருக்கும்.

கோலப் போட்டியில் சண்டை வருவது பரிசால் அல்ல, விதியால். புள்ளிக் கோலம், சிக்குக் கோலம், ரங்கோலி மூன்றையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள். இருபத்தொரு புள்ளி வைத்து ஒரு கோடு தப்பாமல் சிக்குக் கோலம் போட்ட பாட்டியை, வண்ணப்பொடியில் மயில் போட்டவரோடு ஒப்பிட்டால் மயில்தான் ஜெயிக்கும், பாட்டி அடுத்த ஆண்டு வரமாட்டார். மூன்று பிரிவு, மூன்று பரிசு. முந்தின இரவே சாக்பீஸால் ஐந்தடிக்கு ஐந்தடி கட்டம் போட்டு எண் எழுதிவிடுங்கள். காலை ஆறு மணி, ஒரு மணி நேரம், உதவிக்கு ஒருவர். போனைப் பார்த்துப் போடலாமா கூடாதா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், கூடாது என்பது என் கட்சி. நடுவர்கள் பக்கத்து நகரிலிருந்து வரட்டும். சொந்த நகர் நடுவர் எவ்வளவு நியாயமாக மதிப்பெண் போட்டாலும் அடுத்த ஆண்டுவரை காய்கறி வண்டியருகே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கலந்துகொண்ட எல்லோருக்கும் ஓர் எவர்சில்வர் டப்பா. ஆண்கள் பிரிவு ஒன்று வைத்துப் பாருங்கள், கூட்டம் அங்கேதான் நிற்கும்.

போகிக்கான அறிவிப்பு ஜனவரி முதல் வாரத்திலேயே போக வேண்டும். முந்தின நாள் "டயர் எரிக்காதீர்" என்று போடுவதில் பலன் இல்லை, அதற்குள் டயர் வாசலுக்கு வந்திருக்கும். 2018 போகி அன்று காலை புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. மாநகராட்சி போகிக்கு முன்பாகப் பழைய துணி, பாய், டயர் போன்றவற்றைத் தனியாக வாங்கிக்கொள்கிறது. சங்கம் ஓர் இடத்தில் சேர்த்துக்கொடுத்தால் வேலை எளிது. நல்ல துணியைத் தனியாகப் பிரித்து வையுங்கள். சம்பிரதாயத்துக்கு நாலு வறட்டியும் ஒரு பழைய துடைப்பமும் எரிப்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

விளையாட்டு விழாவைக் காணும் பொங்கலன்று வைத்தால் பாதி நகர் மெரினாவிலும் வண்டலூரிலும் இருக்கும். அடுத்து வரும் ஞாயிறு நல்லது. தெருவை அடைக்கவும் மைக் வைக்கவும் காவல் நிலையத்தில் இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு மைக் நிற்க வேண்டும், அது சட்டம். சாக்கு ஓட்டம், எலுமிச்சை கரண்டி, இசை நாற்காலி, கயிறு இழுத்தல், உறியடி. உறியடியில் கம்பு சுழலும் வட்டத்துக்கு வெளியே கயிறு கட்டிக் குழந்தைகளை நிறுத்துங்கள். முதியவர்களுக்கு உட்கார்ந்தே ஆடும் பல்லாங்குழி, தாயம். தெருவுக்குத் தெரு கயிறு இழுத்தல் வைத்தால் ஒரே மாலையில் ஒவ்வொரு தெருவிலும் யார் பேச்சுக்கு ஆள் கூடுகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த தெருப் பிரதிநிதி அவர்தான், அன்றே பேசிவிடுங்கள்.

பெயர்ப் பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே சந்தா மேசை போடுங்கள். ஆண்டுச் சந்தா வசூலிக்க இதைவிட நல்ல நாள் கிடையாது. பிப்ரவரி மடலில் விழாவின் வரவு செலவைக் கடைசி ரூபாய்வரை போட்டுவிடுங்கள், மிச்சம் இருந்தாலும், கைநஷ்டம் ஆகியிருந்தாலும்.

மற்ற பண்டிகைகள் பற்றி ஒரு வார்த்தை. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி கொலு, கிறிஸ்துமஸ் கேரல், ரம்ஜான் நோன்புக் கஞ்சி என்று நகரில் எல்லாமே இருக்கும், இருக்க வேண்டும். சங்கப் பணம் எதற்கும் போகக் கூடாது, சங்கத்தின் பெஞ்சும் மைக்கும் விளக்கும் எல்லாவற்றுக்கும் போக வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. வழிபாட்டுச் செலவுக்கு விரும்புபவர்கள் தனியாக வசூலித்துக்கொள்வார்கள். இதை பைலாவிலேயே எழுதிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் விவாதம் வராது.

படி 7: கோடை

ஏப்ரல் மடலின் முதல் செய்தி சொத்து வரியாக இருக்கட்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் அரையாண்டு வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். இந்த ஒரு செய்தியால் மிச்சமாகும் பணம் பல வீடுகளில் சங்கச் சந்தாவை ஈடுகட்டிவிடும். அதையும் மடலில் சொல்லத் தயங்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. நகரில் நான்கைந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் முதல் தேதி கயிற்றில் கல் கட்டி இறக்கி, தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அளந்து மடலில் போடுங்கள். செலவே இல்லாத வேலை. பள்ளிப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். மழைநீர்த் தொட்டி கழுவிய தெருவின் கிணறும் கழுவாத தெருவின் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும்போது, அடுத்த புரட்டாசியில் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

நீர்மோர்ப் பந்தல் போட்டால் தெரு முனையில் நிழல் பார்த்துப் போடுங்கள். குடிக்க வருவது நகர்க்காரர்கள் அல்ல. டெலிவரி பையன்கள், தபால்காரர், கட்டட வேலைக்காரர்கள். கேன் தண்ணீரில் மோர் கரைத்து, டம்ளர் கழுவ ஓர் ஆள் நிறுத்துங்கள். ஒரு நாள் படம் எடுத்துவிட்டு மறுநாள் காலிப் பானையை விட்டுவைப்பதைவிடப் பந்தலே போடாமல் இருக்கலாம்.

மே மாதம் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் காலை வகுப்பு. வெளியாள் வேண்டாம். நகரிலேயே செஸ் ஆடத் தெரிந்தவர், சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், நன்றாகப் படம் வரையும் அக்கா என்று ஆள் கிடைப்பார்கள்.

படி 8: பொதுக்குழுவும் ஒப்படைப்பும்

மார்ச்சில் கணக்கு முடித்து, தணிக்கை செய்து, ஜூனில் பொதுக்குழு. பைலாவில் சொன்ன நாள் கணக்குப்படி அறிவிப்பு காகிதத்தில் போக வேண்டும், வாட்ஸாப் மட்டும் போதாது. கூட்டத்தை ஞாயிறு மாலை ஐந்துக்கு வைத்து ஆறரைக்கு முடியுங்கள். அறிக்கையை முன்கூட்டியே மடலாகக் கொடுத்துவிட்டால் மேடையில் வாசிக்க வேண்டியதில்லை, கேள்விக்கு நேரம் கிடைக்கும். குழு மாறினால் பதிவாளர் அலுவலகத்தில் உரிய படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்கும் அங்கே போக வேண்டும். இதைத் தள்ளிப்போட்ட சங்கங்கள் பிறகு வங்கியில் கையெழுத்து மாற்ற முடியாமல் அலைவதைப் பார்க்கிறோம்.

புதிய செயலாளர் வந்த வாரத்திலேயே பழையவர் கொடுக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், பைலா, ரசீதுப் புத்தகங்கள், புகார் நோட்டு, தெருப் பிரதிநிதிகளின் நோட்டுகள், மழை நடை வரைபடமும் படங்களும், காவல் நிலைய அனுமதிக் கடிதங்களின் நகல், பம்ப்காரர் எண், பொதுச் சாமான் அறைச் சாவி, இரண்டு வாட்ஸாப் குழுக்களின் அட்மின் உரிமை. கடைசியில் சொன்னதைப் பொதுக்குழு நடக்கும் இடத்திலேயே மாற்றி வாங்கிவிடுங்கள். ஆடி பிறக்கச் சில வாரம்தான் இருக்கும், ஞாயிறு நடைக்கு அழைப்பு புதியவர் பெயரில் போக வேண்டும்.